ஒல்னி ஊரின் மூன்று முயல்கள்



1773ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயர் பகுதியில், கிரேட் ஊஸ் ஆற்றின் கரையிலுள்ள ஒல்னி என்னும் சிற்றூரில் போதகர் ஜான் நியூட்டன் புத்தாண்டுச் செய்தி அளித்தார். அன்று அவர் எடுத்துக்கொண்ட வேதபகுதி 1 நாளாகமம் 17ஆம் அதிகாரம். ஆட்டுமந்தையின் பின்னால் நடந்த தன்னைத் தேவன் இவ்வளவு தூரம் கொண்டுவந்தாரே என்று தாவீது வியந்து ஜெபிக்கும் பகுதி அது. அந்தச் செய்திக்கெனவே நியூட்டன் ஒரு பாட்டையும் எழுதி வைத்திருந்தார். இன்று உலகமெங்கும் 'அமேசிங் கிரேஸ்' என்று பாடப்படும் பாட்டு அதுதான். நமக்குப் பழகிய இராகம் அன்று அதற்கு இல்லை. அது பிற்காலத்தில் அமெரிக்காவில் சேர்ந்தது.

இந்தப் பாட்டின் வரலாற்றை நானும் புத்தாண்டு ஆராதனைகளில் பலமுறை சொல்லியிருக்கிறேன். கப்பல், புயல், மனந்திரும்புதல் என்று அது சொல்வதற்கு வசதியான வரலாறு. புயல் வந்தது 1748இல். அதற்குப் பின்னரே நியூட்டன் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவரானார் என்பதை மட்டும் நாம் மேடையில் விட்டுவிடுகிறோம். நான் விட்டுவிட்ட இன்னொன்றும் உண்டு. அந்தப் பாட்டு பிறந்த அதே வாரத்தில், அதே ஊரில், நியூட்டனின் மிக நெருங்கிய நண்பர் மனம் உடைந்து விழுந்தார். அவர் பெயர் வில்லியம் கூப்பர். அதன்பின் இருபத்தேழு ஆண்டுகள் உயிர்வாழ்ந்த அவர், எந்த ஆலயத்திலும் ஆராதனைக்குச் செல்லவே இல்லை.

இறையியல் கல்லூரியில் திருச்சபை வரலாறு படித்தபோது நியூட்டனைப் பற்றி ஒரு முழு வகுப்பு கேட்டேன். கூப்பர் ஒரே வாக்கியத்தில் கடந்துபோனார். அந்த ஒரு வாக்கியத்திற்குள் என்ன இருந்தது என்பதை இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கூப்பர் 1731இல் பிறந்தவர். ஒரு போதகரின் மகன். ஆறு வயது நிறையும் முன்னே தாயை இழந்தார். உடனே விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கே வயதில் மூத்த ஒரு மாணவன் அவரை இடைவிடாமல் துன்புறுத்தினான். அவனுடைய முகத்தை ஏறிட்டுப் பார்க்கும் துணிவு தனக்கு இருந்ததில்லை என்றும், காலணியின் கொக்கியை வைத்தே அவனை அடையாளம் கண்டதாகவும் கூப்பர் பிற்காலத்தில் எழுதினார். குழந்தைகள் தலையைக் குனிந்து நடப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தக் காலணிக் கொக்கி நினைவுக்கு வருகிறது.

பின்னர் அவர் லண்டனில் சட்டம் பயின்றார். 1763இல் உறவினர் ஒருவரின் செல்வாக்கால் பிரபுக்கள் சபையில் எழுத்தர் பதவி ஒன்று கிடைக்கும் நிலை வந்தது. அதற்கு அந்தச் சபையின் முன்னிலையில் வாய்மொழித் தேர்வுக்கு நிற்கவேண்டியிருந்தது. பிறர் மகிழ்ந்து வரவேற்றிருக்கக்கூடிய அந்த வாய்ப்பு அவரை நொறுக்கிவிட்டது. நாள் நெருங்க நெருங்க அச்சம் பெருகி, தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றார். அவரைச் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் மருத்துவர் நத்தானியேல் காட்டன் நடத்திய மனநல இல்லத்தில் சேர்த்தார்கள். மனநோயாளிகளைச் சங்கிலியில் பூட்டிக் காட்சிப்பொருளாக்கிய அந்த நூற்றாண்டில் காட்டன் வேறு வகையானவர். நோயாளிகளோடு அமர்ந்து உரையாடுகிறவர், கவிதையும் எழுதுகிறவர். அங்கே தோட்டத்து இருக்கையில் கிடந்த ஒரு வேதாகமத்தை எடுத்து வாசித்தார் கூப்பர். ரோமர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் அவருக்கு மன்னிப்பின் நிச்சயம் கிடைத்தது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகளுக்குப் பின் 1765இல் நலம்பெற்று வெளியே வந்தார்.

நம்முடைய சாட்சிக் கூட்டங்களின் வழக்கப்படி பார்த்தால் கதை இங்கே முடிந்துவிட வேண்டும். நோய், வேதவசனம், விடுதலை, ஆமென். கூப்பரின் வாழ்க்கை அந்த இடத்தில் முடியவில்லை.

ஹண்டிங்டன் என்னும் ஊரில் அன்வின் என்ற குடும்பத்தோடு அவர் தங்கினார். 1767இல் குடும்பத் தலைவர் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். துக்கம் விசாரிக்கச் சென்ற நியூட்டன், விதவையான மேரி அன்வின் அம்மையாரையும் கூப்பரையும் தம் ஊருக்கே வரும்படி அழைத்தார். ஒல்னியின் சந்தைத் திடலை ஒட்டிய 'ஆர்ச்சர்ட் சைடு' என்ற செங்கல் வீடு அவர்களுக்கு அமைந்தது. அதன் பின்தோட்டத்திற்கும் போதகர் இல்லத்துத் தோட்டத்திற்கும் நடுவே இன்னொருவரின் பழத்தோட்டம் கிடந்தது. அதன் வழியே நடந்து போய்வரும் உரிமைக்காக ஆண்டுக்கு ஒரு கினி கட்டணம் கொடுத்தார்கள். தெருவைச் சுற்றிப் போனால் சில நிமிடம் அதிகமாகும், அவ்வளவுதான். அந்தச் சில நிமிடங்களையும் மிச்சப்படுத்த நினைத்த நட்பு அது.

ஒல்னி ஏழை ஊர். பெண்களும் பிள்ளைகளும் நாள் முழுதும் குனிந்து லேஸ் பின்னிக் கண்ணையும் முதுகையும் கெடுத்துக்கொண்டார்கள். நாகர்கோவில், இடையன்குடிப் பக்கத்து வாசகர்களுக்கு லேஸ் பின்னும் கைகளைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. கூப்பர் நியூட்டனோடு அந்த வீடுகளுக்குச் சென்றார், நோயாளிகளைச் சந்தித்தார், ஜெபக்கூட்டங்களில் ஜெபித்தார். 1771இல் இருவரும் சேர்ந்து ஒரு பாட்டுப்புத்தகம் ஆக்கத் திட்டமிட்டார்கள். சபையின் எளிய மக்கள் வார நாட்களில் பாடுவதற்கான பாட்டுகள் அவை. (பின்னாளில் செராம்பூருக்கு வந்த வில்லியம் கேரியும் 1785இல் இதே ஊரின் பாப்திஸ்து சபையில் அங்கமானவர். அந்தச் சிற்றூருக்கு நம் தேசம் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது.)

அப்போதுதான் 1773 பிறந்தது.

புத்தாண்டுக்கு மறுநாளே கூப்பரின் மனத்தில் இருள் சூழத் தொடங்கிவிட்டது. சில வாரங்களில் ஒரு கனவு கண்டார். தேவன் தம்மைத் தள்ளிவிட்டார், இனி மீட்பே இல்லை என்ற தீர்ப்பை அந்தக் கனவில் கேட்டதாக உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கை அவரைவிட்டு ஒருபோதும் முழுமையாக நீங்கவில்லை. பிறருக்கு இரட்சிப்பு உண்டு, தனக்கு மட்டும் இல்லை. கிறிஸ்துவின் இரத்தம் எல்லாருக்கும் போதும், தன் ஒருவனுக்குப் போதாது. தர்க்கத்தால் அசைக்க முடியாத ஒரு விசித்திரமான கணக்கு அது. இப்படிக் கணக்குப் போடுகிற ஒருவரோடு வாதாடிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஏப்ரல் மாதத்தில் ஒல்னியில் ஆண்டுச் சந்தை கூடியது. வீட்டு வாசலிலேயே எழுந்த அந்த இரைச்சலைத் தாங்கமுடியாமல் கூப்பர் போதகர் இல்லத்திற்கு வந்தார். வந்தவர் திரும்பிச் செல்ல மறுத்துவிட்டார். அன்வின் அம்மையாரும் உடன் வந்து தங்கினார். சந்தை முடிந்தது, வாரங்கள் போயின, மாதங்கள் போயின. ஏறத்தாழ பதின்மூன்று மாதங்கள் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். தம்மை எல்லாரும் வெறுக்கிறார்கள், அன்வின் அம்மையார் எல்லாரையும்விட அதிகமாக வெறுக்கிறார், உணவில் நஞ்சு கலந்திருக்கிறது என்றெல்லாம் கூப்பர் எண்ணினார். அக்டோபரில், ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போனதுபோலத் தம்மைத் தாமே பலியிடும்படி தேவன் கட்டளையிட்டதாக நம்பி, மீண்டும் உயிரை விட முயன்றார். பகலும் இரவும் யாராவது ஒருவர் உடனிருக்க வேண்டியதாயிற்று.

நியூட்டன் என்ன செய்தார்? ஜெபித்தார், அது நமக்குத் தெரியும். மருத்துவர் காட்டனிடம் ஆலோசனை கேட்டார், மருந்து கொடுக்கப்பட்டது. மற்றபடி வீட்டைத் திறந்து வைத்திருந்தார். அந்தப் பதின்மூன்று மாதங்களில் நியூட்டனின் மனைவியும் தம் அடுப்பங்கரையையும் அமைதியையும் பகிர்ந்துகொண்டார் என்பதை வரலாற்று நூல்கள் போகிறபோக்கில்தான் சொல்கின்றன. தம் மனம் சிலவேளைகளில் பொறுமையிழந்து முரண்டியதுண்டு என்று நியூட்டனே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்த ஒப்புதலின்மேல் மிகுந்த மரியாதை உண்டு. மனச்சோர்வுற்ற ஒருவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்வது களைப்பூட்டும் வேலை. களைப்பே இல்லை என்கிறவர் ஒருவேளை உடன் வாழாதவராக இருக்கலாம்.

போதகர் இல்லத்தில் கூப்பர் பேச மறுத்த நாட்களிலும் தோட்டத்தில் மட்டும் வேலை செய்தார். செடிகொடிகளைக் கத்தரித்தார். 1774ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒருநாள் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தபோது ஏதோ ஒரு சிறு நிகழ்ச்சியைக் கண்டு அவர் புன்னகைத்தார். பதினாறு மாதங்களுக்கு மேலாக அந்த முகத்தில் காணப்பட்ட முதல் புன்னகை அதுவே என்று நியூட்டன் கடிதத்தில் எழுதி வைத்தார். பதினாறு மாதம் ஒரு முகத்தைக் கவனித்துக்கொண்டே இருந்தவரால்தான் அப்படி எண்ணிச் சொல்லமுடியும்.

இங்கே என்னைப் பற்றி ஒரு காரியத்தைச் சொல்லாமல் கடந்துபோக முடியவில்லை.

ஊழியத்தின் முதல் சில ஆண்டுகளில் ஒரு சிறிய சபையில் இருந்தேன். பாடகர் குழுவில் நன்றாகப் பாடும் ஓர் இளைஞர் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்குப் போனேன். "ராத்திரியெல்லாம் முழிச்சே கெடக்கான் ஐயா, சோறும் எறங்கல்ல" என்றார் அவருடைய தாயார். நான் அவருக்கு எதிரே நாற்காலியில் அமர்ந்து, ஜெப வாழ்க்கையில் ஏற்பட்ட குறைவைப் பற்றியும் அறிக்கை செய்யாத பாவத்தைப் பற்றியும் அரைமணி நேரம் பேசினேன். மூன்று நாள் உபவாசிக்கும்படி சொன்னேன். உணவு இறங்காத ஒருவரிடம் உபவாசத்தைச் சொல்கிறோமே என்றுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை. அவர் ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசவில்லை. தலையை மட்டும் அசைத்தார். சில மாதங்களில் அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. அங்கே மருத்துவரிடம் சிகிச்சை பெற்றுத் தேறினார் என்று பல ஆண்டுகள் கழித்துக் கேள்விப்பட்டேன். அவர் தேறியதில் எனக்குப் பங்கில்லை. அதற்கு இரண்டு ஞாயிறுகளுக்கு முன்தான், சூரைச்செடியின் கீழ்ச் சாக விரும்பிப் படுத்திருந்த எலியாவுக்குத் தேவதூதன் அடையும் தண்ணீரும் கொண்டுவந்ததைக் குறித்து நான் உருக்கமாகப் பிரசங்கித்திருந்தேன்.

அந்த அரைமணி நேரத்தையும் ஒல்னியின் பதின்மூன்று மாதங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குச் சொல்வதற்கு அதிகம் இல்லை. ஒல்னிக்கே திரும்புகிறேன்.

1774 மே மாத இறுதியில் கூப்பர் தம் வீட்டுக்குத் திரும்பினார். நோய் நீங்கிவிடவில்லை. நூல்களை வாசிக்கவோ நண்பர்களோடு பேசவோ மனம் ஒன்றவில்லை. அந்தச் சமயத்தில் அண்டை வீட்டுப் பிள்ளைகள் ஒரு முயல்குட்டியை வளர்க்கத் தெரியாமல் வாடவிட்டதைக் கண்டு, அவர்களுடைய தகப்பன் அதைக் கூப்பரிடம் கொடுத்தார். அவர் முயலை விரும்புகிறார் என்ற செய்தி பரவியதும் ஊராரெல்லாம் முயல்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டார். பஸ், டைனி, பெஸ் என்று பெண் பெயர்களைச் சூட்டினார். மூன்றும் ஆண் முயல்கள். அவை தூங்குவதற்குத் தனித்தனிப் பெட்டிகளைத் தாமே தச்சுவேலை செய்து அமைத்தார். மாலை நேரங்களில் கூடத்துக் கம்பளத்தின்மேல் அவை துள்ளி விளையாடும்.

அவற்றின் குணங்களைப் பற்றிக் கூப்பர் 1784இல் ஒரு மாத இதழுக்கு எழுதிய கடிதம், என் கருத்தில், மனநலத்தைப் பற்றி அந்த நூற்றாண்டில் எழுதப்பட்ட சிறந்த எழுத்துகளுள் ஒன்று. அதில் மனநலம் என்ற பேச்சே அதிகம் இல்லை. பஸ் மூன்று நாள் நோயுற்றிருந்தது. கூப்பர் அதைத் தனியே வைத்துப் பச்சிலைகள் கொடுத்துப் பேணினார். குணமானபின் அது அவருடைய கையின் மேற்புறம், உள்ளங்கை, விரல்களின் இடுக்கு என்று ஓரிடமும் விடாமல் நக்கி நன்றி தெரிவித்தது. காலை உணவுக்குப் பின் அதைத் தோட்டத்திற்குத் தூக்கிச் செல்வார். வெள்ளரிக் கொடியின் இலைகளுக்கடியில் அது மாலைவரை படுத்திருக்கும். டைனிக்கோ அன்பு காட்டினால் பிடிக்காது. தடவப் போனால் உறுமும், காலால் அறையும். டைனியின் முரட்டுத்தனத்தையும் அவர் இரசித்தே எழுதியிருக்கிறார். அது இறந்தபோது அதற்கும் ஒரு கவிதை பாடினார்.

தேவன் தன்னைக் கைவிட்டார் என்று நம்பிய ஒரு மனிதர், காலையில் எழுந்தால் மூன்று உயிர்கள் பசியோடு காத்திருந்தன. அவற்றிடம் அவர் தம் இரட்சிப்பின் கணக்கை ஒப்புவிக்க வேண்டியதில்லை.

முயல்களோடு வெள்ளரியும் சேர்ந்துகொண்டது. குளிர்நாட்டில் வெள்ளரி வளர்ப்பது எளிதன்று. எருவைக் குவித்துச் சூடேற்றி, அதன்மேல் கண்ணாடிச் சட்டம் பொருத்தி, விதையைக் காக்க வேண்டும். சூடு மிகுந்தாலும் கெடும், குறைந்தாலும் கெடும். அதற்குள் கூப்பர் தம் கவனம் முழுவதையும் செலுத்தினார். பின்னாளில் எழுதிய நெடுங்கவிதையில் இந்த எருக்குவியலுக்கும் வெள்ளரிக்கும் பல அடிகளை ஒதுக்கினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பறவைக்கூடுகள் செய்தார், படம் வரைந்து பார்த்தார். அருகில் எப்போதும் அன்வின் அம்மையார் பின்னல் ஊசிகளோடு அமர்ந்திருந்தார். அதிகம் பேசியிருக்க மாட்டார் என்றே எண்ணுகிறேன்.

1779இல் ஒல்னிப் பாட்டுப்புத்தகம் வெளிவந்தது. அதிலுள்ள 348 பாட்டுகளில் அறுபதுக்கு மேற்பட்டவை கூப்பருடையவை. அவர் தொடர்ந்து எழுதக்கூடும் என்று நம்பி ஆண்டுகள் சில காத்திருந்தபின்னரே நியூட்டன் மீதியைத் தாமே எழுதி முடித்தார். தேவனுடைய வழிகள் மறைவானவை என்ற கருத்தில் அமைந்த கூப்பரின் புகழ்பெற்ற பாட்டு, நோய் தாக்குவதற்குச் சற்று முன் எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது. அவர் சாகப் புறப்பட்டபோது வண்டிக்காரன் மூடுபனியில் வழிதவறி வீட்டிலேயே கொண்டுவந்து விட்டதாகவும், உடனே உட்கார்ந்து அந்தப் பாட்டை எழுதியதாகவும் மேடைகளில் ஒரு கதை உலவுகிறது. நானும் சொல்லியிருக்கிறேன். அதற்குத் தக்க ஆதாரம் இல்லை. ஒரே இரவில் இருளிலிருந்து பாட்டுக்குத் தாவும் கதைகளை நாம் ஏன் இவ்வளவு விரும்புகிறோம் என்பது வேறு கேள்வி.

1780இன் தொடக்கத்தில் நியூட்டன் லண்டன் சபைக்கு மாறிச் சென்றார். ஒல்னியில் தனித்திருந்த கூப்பரை எழுதத் தூண்டியவர் அன்வின் அம்மையார். 1782இல் முதல் கவிதைத் தொகுப்பு வெளியானது. கூப்பருக்கு அப்போது வயது ஐம்பது. அதே ஆண்டு அக்டோபர் மாலையொன்றில் அவர் சோர்ந்திருப்பதைக் கண்ட ஆஸ்டின் சீமாட்டி என்ற தோழி, சிறுவயதில் தான் கேட்ட ஒரு வேடிக்கைக் கதையைச் சொன்னார். அடங்காத குதிரையின்மேல் ஊர் ஊராகப் பறந்துபோன ஜான் கில்பின் என்ற ஜவுளி வணிகரின் கதை. கூப்பர் இரவெல்லாம் சிரித்து, அதைப் பாடலாக்கிவிட்டார். நாடே அதைப் படித்துச் சிரித்தது. தாம் எழுதிய மிக வேடிக்கையான வரிகள் மிகத் துயரமான மனநிலையில் எழுதப்பட்டவை என்று அவரே ஒப்புக்கொண்டார். மனச்சோர்வுள்ளவர் எப்போதும் அழுதுகொண்டிருப்பார் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நம் சபைகளில் எல்லாரையும் சிரிக்கவைக்கும் ஒருவர் இரவில் எப்படித் தூங்குகிறார் என்று நமக்குத் தெரியாது.

அதே தோழி நீண்ட கவிதை ஒன்று எழுதும்படி வற்புறுத்த, எதைப் பற்றி எழுதுவது என்று கூப்பர் கேட்டார். "இந்தச் சோபாவைப் பற்றி எழுதுங்கள்" என்ற பொருளில் அவர் விளையாட்டாகப் பதில் சொன்னார். அப்படித் தொடங்கிய கவிதை 1785இல் 'தி டாஸ்க்' என்ற பெயரில் ஆறு பாகங்களாக வெளிவந்தது. வயல்வெளி நடை, குளிர்கால மாலை, தேநீர், செய்தித்தாள், தோட்டம் என்று அன்றாட வாழ்வே அதன் பொருள். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் அவருடைய கவிதைகளை விரும்பிப் படித்தார். வர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ் போன்ற அடுத்த தலைமுறைக் கவிஞர்கள் அவரிடம் கற்றார்கள்.

கூப்பரின் நோய்க்கு நியூட்டனின் கண்டிப்பான இறையியலே காரணம் என்று சில வரலாற்றாசிரியர்கள் குற்றஞ்சாட்டியிருக்கிறார்கள். முதல் நோய் நியூட்டனைச் சந்திப்பதற்கு நான்கு ஆண்டுகள் முந்தியது. ஆகவே அந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. ஆனால் நியூட்டனைத் தவறே செய்யாதவராகவும் காட்டமாட்டேன். 1786இல் கூப்பரும் அன்வின் அம்மையாரும் அருகிலுள்ள கத்தோலிக்கக் குடும்பமொன்றோடு பழகி, அவர்களுடைய தோட்டங்களில் உலாவி மகிழ்ந்திருந்தனர். அவர்கள் உலகப்போக்கில் விழுந்துவிட்டதாக லண்டனிலிருந்து நியூட்டன் கண்டித்துக் கடிதம் எழுதினார். கூப்பர் மிகவும் புண்பட்டார். வேண்டாத கண்டிப்பு அது. நாள் முழுதும் அறைக்குள் கிடந்த மனிதர் நண்பர்களோடு நடந்துபோனதற்கு நியூட்டன் ஒருவேளை ஸ்தோத்திரப் பலி செலுத்தியிருக்கலாம். நல்ல மேய்ப்பர்களுக்கும் இப்படி நாட்கள் வருகின்றன. நட்பு அதையும் தாங்கிக்கொண்டது, கடிதங்கள் தொடர்ந்தன.

1788இல் நியூட்டன் தாம் ஈடுபட்ட அடிமை வாணிபத்தின் கொடுமைகளை வெளிப்படையாக எழுதி வெளியிட்டார். அதே ஆண்டில் கூப்பர், அடிமையாக்கப்பட்ட ஓர் ஆப்பிரிக்கரின் குரலிலேயே ஒரு பாடலை எழுதினார். அது அடிமை வாணிப எதிர்ப்பாளர்களின் கையில் பரவியது. ஒல்னியின் லேஸ் பின்னும் ஏழைகளுக்காக, பெயர் வெளியிட விரும்பாத ஒரு செல்வர் அனுப்பிய பணத்தைப் பகிர்ந்து கொடுக்கும் பொறுப்பையும் கூப்பரும் அன்வின் அம்மையாரும் ஏற்றிருந்தார்கள். தனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டே அவர் பிறருடைய வாசலுக்குப் போர்வையும் பணமும் கொண்டுசென்றார்.

முடிவு இனிமையாக இல்லை. 1787இல் நோய் மீண்டும் தாக்கியது. ஆறு மாதங்கள் நீடித்தது. அன்வின் அம்மையார் பக்கவாதத்தால் வீழ்ந்தபோது பராமரிப்பு தலைகீழாக மாறியது. அதுவரை காக்கப்பட்டவர் காக்கிறவரானார். துருப்பிடித்துக் கிடந்த அந்த அம்மையாரின் பின்னல் ஊசிகளைப் பற்றி அவர் எழுதிய கவிதையைக் கண்கலங்காமல் படிப்பது கடினம். 1796இல் அம்மையார் இறந்தார். 1799இல் கூப்பர் எழுதிய கடைசிப் பெருங்கவிதை, கப்பலிலிருந்து கடலில் விழுந்து, தோழர்களால் காப்பாற்ற முடியாமல் மூழ்கிய ஒரு மாலுமியைப் பற்றியது. தம் நிலைமை அதைவிட மோசமானது என்று சொல்லி அதை முடித்தார். 1800ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் காலமானார். இறுதிவரை தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நியூட்டனும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நண்பர் தேவனுடைய கைக்குள் இருந்தார் என்பதில் அவருக்குச் சந்தேகமே எழுந்ததில்லை. 1807இல், அடிமை வாணிபத்தை ஒழிக்கும் சட்டம் நிறைவேறிய ஆண்டின் டிசம்பரில், அவரும் மறைந்தார்.

கூப்பரின் காகிதங்களிடையே ஒரு சிறு குறிப்பு கிடைத்தது. 1786ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாளைக் குறித்து அவர் எழுதியது. நண்பகல் பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் இடையே பஸ் இறந்தது. வயது பதினோரு ஆண்டு பதினோரு மாதம். முதுமையைத் தவிர வேறு காரணம் இல்லை. வலி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.